கொலை செய்தது யாரென்று அக்காவுக்குத்தான் தெரியும்

பெரியவள் மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டு விழுந்த அன்று, மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளி இறந்து ஒன்பது அத்தியாயங்கள் ஆகியிருந்தன. பன்னிரண்டில் முடிய வேண்டிய நாவல். கொலை செய்தது யார் என்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் மருத்துவமனைக் கட்டிலில், வலது கை அசையாமல், பேச்சும் போய்க் கிடந்தாள்.

எழுதுகிறவளுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. அந்த வீட்டு ஏற்பாடு அப்படி.

மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து ஒரே புனைபெயரில் பதினெட்டுத் துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறார்கள். பெயர் ஆணா பெண்ணா என்று பிடிபடாது. வாசகர் கடிதங்களில் முக்கால்வாசி "மதிப்பிற்குரிய ஐயா" என்றுதான் தொடங்கும். துப்பறிகிறவள் பூட்டு பழுது பார்க்கும் ஒரு பெண். சாவி தொலைந்த வீடுகளுக்குக் கருவிப் பையோடு போவாள், கதவைத் திறப்பாள், உள்ளே பிணம் இருக்கும்.

பெரியவளுக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, இழப்பீட்டுப் பிரிவில். எரிந்துபோன கிடங்கு, திருட்டுப்போன வண்டி, வழுக்கி விழுந்த மாமனார் என்று வருகிற விண்ணப்பங்களைப் படித்து, எழுதியிருப்பது நடந்திருக்குமா என்று பார்ப்பது. இருபத்தேழு வருடங்கள். சக ஊழியர்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் சாப்பிட வரலையா?" என்று அவள் காதுபடவே கேட்பார்கள். அவளும் "வர்றேன், யார் சமைச்சது?" என்பாள்.

சின்னவள் மின்சார அலுவலகத்தின் புகார் முகப்பில் உட்கார்ந்திருப்பவள். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஊரே வந்து திட்டிவிட்டுப் போகும். யார் எப்படிப் பொய் சொல்வார்கள், கோபம் வந்தால் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

தொடக்கம் ஒரு எரிச்சலில். பெரியவள் மர்ம நாவல்களாக வாங்கிப் படிப்பாள். முடித்ததும் புத்தகத்தைப் பொத்தென்று போட்டு, "இது நியாயமில்ல. கடைசிப் பக்கத்துல அண்ணன்னு ஒருத்தன கொண்டுவந்து நிறுத்துறான். எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஃபைல் வந்தா திருப்பி அனுப்பிடுவோம்" என்பாள். நீங்களே எழுதுங்களேன் என்று சின்னவள் ஒரு நாள் சீண்டினாள். எழுதினாள். முதல் அத்தியாயம் இப்படித் தொடங்கியது: "சம்பவ இடத்தில் கீழ்க்கண்ட பொருள்கள் காணப்பட்டன."

சின்னவள் சிரித்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு அதை எடுத்துப் போய்த் திருப்பி எழுதினாள். அந்தப் பொருள்களுக்கு நடுவில் மனிதர்களைக் கொண்டுவந்து பேசவிட்டாள். இப்போது பெரியவள் வாயடைத்துப்போனாள்.

அன்றிலிருந்து வேலைப் பிரிவினை தெளிவாகிவிட்டது. குற்றம் பெரியவளுடையது, எழுத்து சின்னவளுடையது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மாடியிலிருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு கோப்பு இறங்கும். உள்ளே என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், கூடவே ஒரு பொருள் பட்டியல். கொலையாளி யார் என்று மட்டும் இருக்காது. சின்னவள் அத்தியாயத்தை எழுதி, அடியில் தன் ஊகத்தையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். பத்தாம் அத்தியாயத்துக்கு முன் சரியாகச் சொல்லிவிட்டால் கதை செத்தது. மூன்று கதைகள் அப்படிச் செத்திருக்கின்றன.

"நீயே கண்டுபிடிச்சிட்டா படிக்கிறவங்க கண்டுபிடிக்க மாட்டாங்களா? கிழிச்சுப் போடுடி" என்பாள் பெரியவள். ஊகம் தப்பாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். முகத்தில் மட்டும் ஒரு மகிழ்ச்சி வரும். அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். தோள் குலுங்குவது தெரியும்.

கொலையாளி பெயரை எங்கேயாவது எழுதி வைக்கக் கூடாதா? வைத்தாள், முதல் நாவலுக்கு. துண்டுச் சீட்டில் எழுதி அகராதிக்குள் செருகினாள். சின்னவள் புருஷன் ஏதோ சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய், சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால், "அந்த டாக்டரா கொன்னான்? நம்பவே முடியலையே!" என்றான். மூன்று மாத உழைப்பு. ஓரகத்திகள் இருவரும் ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. "இனிமே என் மண்டைக்குள்ளதான் இருக்கும். அதத் திறந்து யாரு பாக்கப் போறா?" என்று பெரியவள் சொன்னது அப்போதுதான்.

அலுவலகத்தில், காலை பத்தரை மணிக்கு, எரிந்த மரக்கிடங்கு ஒன்றின் கோப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சாய்ந்தாள். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் தளர்ந்திருந்தன. வாயில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: ஆமா.

பேச்சுப் பயிற்சிக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வாரம் ஒரு முறை வந்தார். ஆறு வாரம் வருவார். ஆறாவது வாரம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'புரிதல்' என்றொரு கட்டம். புரிகிறது என்றால் பயிற்சி தொடரும். புரியவில்லை என்றால் அந்த இடம் வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். பெரியவளுக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு மட்டும். பயிற்சியாளர் இதை மூடி மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பூனை, நாற்காலி, பல்துலக்கி என்று படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, "பூனையக் காட்டுங்கம்மா" என்றார். பெரியவள் இடது கையால் அத்தனையையும் தரையில் தள்ளிவிட்டாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு நூறு வயசாகுதா?"

"ஆமா."

"வெளிய மழை பெய்யுதா?"

"ஆமா." வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அறை வாசலில் நின்ற அண்ணன், அதாவது பெரியவளின் கணவர், பெருமூச்சு விட்டார். மோசமான மனிதர் இல்லை. அச்சகத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர், இப்போது நீண்ட விடுப்பு. ஊட்டிவிடுவார், துடைத்துவிடுவார், தலை வாரி வகிட்டை எப்போதும் கோணலாக எடுப்பார். ஆனால் அவளை நடுவில் வைத்துக்கொண்டே, அவள் அங்கே இல்லாத மாதிரி பேசுவார்.

"அவளுக்கு ஒண்ணும் புரியலம்மா. நாமதான் ஆசைப்படுறோம்."

"மாமா, அவங்க முன்னாடியே சொல்லாதீங்க" என்றாள் சின்னவள்.

"முப்பது வருஷத்துல ஒரு தடவ எனக்கு ஆமான்னு சொன்னதுண்டா? இப்ப எது கேட்டாலும் ஆமாங்கிறா. இது அவ இல்லம்மா."

அவர் போன பிறகு சின்னவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அக்கா, கண்ணாடிக் கடை முதலாளிய யாரு கொன்னது? மருமகனா?"

"ஆமா."

"முதலாளியோட தம்பியா?"

"ஆமா."

"விற்பனைப் பொண்ணா?"

"ஆமா."

"நானா?"

"ஆமா" என்றாள் பெரியவள். கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது. சின்னவள் கேட்பதை நிறுத்தினாள்.

நாவல் முடியாமல் போவது இருக்கட்டும், பதிப்பாளர் பொறுத்துக்கொள்வார். சின்னவளை அரித்தது வேறு. அந்தத் தலைக்குள் கொலையாளி இன்னும் இருக்கிறான் என்றால் பெரியவளும் உள்ளே இருக்கிறாள். அதை எப்படி நிரூபிப்பது? கேள்வி கேட்டுப் பயனில்லை. அக்கா எந்தக் காலத்தில் தப்பான ஊகத்துக்கு வாய் திறந்து பதில் சொல்லியிருக்கிறாள்? இருபது வருடமாக அவர்கள் பேசிக்கொண்ட முறையே வேறு. இவள் எழுதுவாள், அவள் படிப்பாள். அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தாள்.

கதை இதுதான். கடை மூடிய பிறகு முதலாளி மாடிப்படியின் அடியில் தலையில் அடிபட்டுக் கிடக்கிறார். தடுக்கி விழுந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அவர் முகத்தில் இருந்தது பழைய மூக்குக் கண்ணாடி. ஒரு மாதம் முன்பே பவர் கூடி, புதுசு போட்டிருந்தார். பழையதைப் போட்டுக்கொண்டு அவரால் படியில் இறங்க முடியாது. அப்படியானால் யாரோ தள்ளிக் கொன்றுவிட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள். சந்தேகப் பட்டியலில் மூன்று பேர். முந்தின நாள்தான் வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன். இரண்டு வருடமாக முகம் பார்க்காத தம்பி. கடையின் மூத்த விற்பனைப் பெண்.

விற்பனைப் பெண்ணாக இருக்க முடியாது. புதுக் கண்ணாடியை அளவு பார்த்து மாட்டிவிட்டவளே அவள். பவர் மாறியது தெரியாத ஆள்தான் பழையதை மாட்டுவான். மருமகன்தான் என்று முடிவுகட்டி, மூன்று நாளில் கடைசி அத்தியாயங்களை எழுதினாள். நான்காம் வாரம், ஒரு பிற்பகலில், கட்டிலோரம் உட்கார்ந்து வாசித்தாள். பூட்டுக்காரி விமான நிலையத்தில் மருமகனை மடக்கும் இடம் வந்தபோது கட்டில் ஆட ஆரம்பித்தது.

பெரியவள் சிரித்தாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி ஓய்ந்தது. கோணிய வாயோரம் எச்சில் வழிந்தது.

அண்ணன் ஓடி வந்தார். "என்னாச்சு, வலிப்பா?"

"இல்ல மாமா. நான் தோத்துட்டேன்!" என்று சின்னவள் குதித்தாள். "மருமகன் இல்ல! அக்காவுக்குத் தெரியுது!"

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "இந்த நோயில காரணமில்லாம சிரிப்பும் அழுகையும் வரும்னு டாக்டர் சொன்னாரேம்மா."

பயிற்சியாளரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், இன்னும் மென்மையாக. "நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா ஒரு சிரிப்ப வெச்சு நான் கட்டத்த நிரப்ப முடியாதுங்க. எனக்கு மேல இருக்கிறவங்க கேப்பாங்க."

"எத வெச்சு நிரப்பலாம்?"

"தற்செயலா நடக்க முடியாத ஒண்ணு வேணும்."

கையில் இரண்டு வாரம் இருந்தது. சின்னவள் ஒன்பது கோப்புகளையும் அலுவலகத்துக்கே கொண்டுபோனாள். முகப்பில் ஆள் இல்லாத நேரமெல்லாம் படித்தாள். ஒரு பெரியவர், "ரெண்டு நாளா லைட் இல்லம்மா" என்று கத்தியபோது, "மருமகன் இல்லன்னா தம்பியும் இல்லல்ல?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். "எந்தத் தம்பி? என் தம்பிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் இன்னும் சத்தம் போட்டார்.

விடை பொருள் பட்டியலில் இருந்தது. சரியாகச் சொன்னால், பட்டியலில் இல்லாததில் இருந்தது. இரண்டாம் கோப்பில், கொலைக்கு முன் இருந்தபடி, முதலாளியின் உள்ளறைப் பொருள்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மேசை, விளக்கு, மஞ்சள் துடைதுணி. ஒன்பதாம் கோப்பில் போலீஸ் எடுத்த பட்டியலில் மேசை இருந்தது, விளக்கு இருந்தது, துணியைக் காணோம். எதற்கு ஒருவர் துடைதுணியை எடுத்துப் போக வேண்டும்? எதையாவது அள்ளுவதற்கு. எதை அள்ள? உடைந்த கண்ணாடிச் சில்லை. தள்ளியபோது புதுக் கண்ணாடி உள்ளறையிலேயே உடைந்துவிட்டது, பிறகுதான் உடலைப் படியின் அடியில் இழுத்துப் போட்டார்கள். சில்லு கிடந்தால் அவர் படியில் விழவில்லை என்பது தெரிந்துவிடும். ஆகவே தெரியாமல் பழையதை மாட்டவில்லை. தெரிந்தேதான், வேறு வழியில்லாமல் மாட்டினார்கள். பழையது இருந்த இழுப்பறையின் சாவி ஒருத்தியிடம்தான் இருந்தது.

விற்பனைப் பெண்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை. பயிற்சியாளர் படிவத்தோடு வந்திருந்தார். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். "அட்டை வேண்டாம், நான் படிக்கிறேன். அக்காவ மட்டும் பாருங்க" என்றாள் சின்னவள். படித்தாள். விற்பனைப் பெண்ணின் பெயர் வந்ததும் பெரியவள் சிரிக்கவில்லை. உதட்டைச் சுளித்துக் கூரையைப் பார்த்தாள், சீட்டாட்டத்தில் தோற்றவள் மாதிரி.

"பாத்தீங்களா?" என்றாள் சின்னவள்.

பயிற்சியாளர் தயங்கினார். "முகம் மாறிச்சு. ஆனா..."

சின்னவள் மேலே படித்தாள். விற்பனைப் பெண் துணியில் சில்லுகளை முடிந்து, தோள்பையில் போட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள் என்ற வரி வந்தது. பெரியவளின் இடது கை எழுந்து தாளைப் பற்றியது. சின்னவள் விடுவிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தாள் கசங்கியது.

"அவளுக்குக் களைப்பாயிடுச்சு, போதும் விடும்மா" என்றார் அண்ணன்.

"இருங்க சார்" என்றார் பயிற்சியாளர். குனிந்து பார்த்தார். பெரியவளின் கட்டைவிரல் ஒரு சொல்லின் மேல் அழுந்தியிருந்தது. தாளை மெதுவாக உருவி, நேராக்கி, வேறு பக்கமாகத் திருப்பி நீட்டினார். விரல் தேடிப் போய் மறுபடி அதே சொல்லில் நின்றது. தோள்பை.

"பையில என்ன?" என்று அவர் கேட்டார்.

"ஆமா" என்றாள் பெரியவள், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த ஆமா ஒரு வசவு மாதிரி இருந்தது.

சின்னவள் விழித்தாள். பிறகு கோப்புகளைத் தள்ளிவிட்டு, தான் எழுதிய அத்தியாயங்களை எடுத்துப் புரட்டினாள். நான்காம் அத்தியாயம். கொலை நடந்த நாளைக் கதை திரும்பிப் பார்க்கும் இடம். அன்று காலையில் விற்பனைப் பெண் கடைக்கு வருகிறாள். பை வார் அறுந்துபோனதால் அதை வீட்டிலேயே போட்டுவிட்டு, குடையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்ததாக அலுத்துக்கொள்கிறாள். கோப்பில் இல்லாத வரி. எழுதியதற்கு முந்தின நாள் சின்னவளின் சொந்தப் பையே அறுந்திருந்ததால், பேச்சுக்கு ஒரு ருசி இருக்கட்டும் என்று அவளாகச் சேர்த்தது. எழுதியவளே மறந்துவிட்டாள்.

"இவகிட்ட அன்னிக்குப் பையே இல்ல" என்றாள் மெல்ல. "நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"இது எப்ப எழுதினது?" பயிற்சியாளரின் குரல் மாறியிருந்தது.

"அக்கா விழுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. ஒரே ஒரு தடவதான் படிச்சிருப்பாங்க."

சின்னவள் ஐந்தாம் கோப்பைத் தேடி எடுத்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்ற சாட்சியின் வாக்குமூலம், பெரியவளின் ஒட்டும் உறவுமில்லாத நடையில்: 'மேற்படி பெண் மழையில் முழுவதும் நனைந்த நிலையில் நின்றிருந்தார்.'

"குடைய வெச்சுக்கிட்டு ஏன் நனையணும்?" என்று தனக்குத்தானே கேட்டவள் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். "விரிக்க முடியல! உள்ள சில்லு இருக்கு! அக்கா, நான் சும்மா எழுதின குடைய எடுத்து, என்கிட்ட சொல்லாமயே... அடிப்பாவி அக்கா!"

பெரியவள் கட்டிலை இடது கையால் அடித்தாள். ஒரு முறை, இரண்டு முறை. "ஆமா, ஆமா, ஆமா."

அண்ணன் சுவரை விட்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். ஆறு வாரத்தில் முதல் முறையாக, அவளைப் பற்றி அல்லாமல் அவளிடமே பேசினார்.

"எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த? நான் சொன்னதெல்லாம்?"

"ஆமா."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கேயோ பார்த்தபடி, "தலை வாரினது சரியில்லையா?" என்று கேட்டார். பெரியவள் இடது கையைத் தூக்கி, கோணல் வகிட்டைக் கலைத்துவிட்டாள்.

பயிற்சியாளர் படிவத்தை மடியில் விரித்து, பேனாவைக் காதோரம் செருகிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

"அம்மா, அடுத்த வாரமும் வரட்டுமா?"

"ஆமா."

"ச்சே, இப்படிக் கேக்கவே கூடாது." அவர் தன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தனித்தனியே நீட்டினார். "இது செவ்வாய். இது வெள்ளி. எந்த நாள் வேணும், பிடிங்க பாப்போம்."

பெரியவள் இரண்டு விரலையும் பார்த்தாள். விண்ணப்பத்தில் பொய்யைத் தேடும் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செவ்வாயைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடாமல் அதைத் தள்ளிக்கொண்டே போய், வெள்ளியையும் சேர்த்து அதே கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"சரிம்மா, ரெண்டு நாளும் வர்றேன்" என்றார் பயிற்சியாளர். "இப்ப விடுங்க, கட்டத்த நிரப்ப எனக்குக் கை வேணும்ல?"